கடுகு நிறச் சால்வையும் பதினாறடிக் கூடமும்

"கூடத்தில் ஒரு குறையும் இல்லை மேடம். ஆனா யாரும் இங்க வந்து உட்கார மாட்டேங்கிறாங்க."

இப்படித்தான் அந்த வீட்டு அம்மா பேச்சைத் தொடங்கினார். உள் அலங்கார வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் சுவர் அழுக்கு, சோபா பழசு என்றுதான் சொல்வார்கள். இவர் சொன்னது வேறு. அவர், கணவர், கணவரின் அம்மா என்று வீட்டில் மூன்று பேர். சாயங்காலமானால் மூவரும் மூன்று அறைகளில். கூடம் விருந்தாளிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கூடம் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நேர் வெயில் படாத பக்கத்தில் 5 அடி அகல ஜன்னல் ஒன்று. பளபளவென்று செம்பழுப்பு ரெக்சின் சோபா, அதே செட்டில் இரண்டு ஒற்றை இருக்கைகள். நடுவே ஐந்துக்கு மூன்று அடியில் ஒரு விரிப்பு, கைக்குட்டை தவறி விழுந்தது மாதிரி. கூரையை ஒட்டி, நீலம் தட்டும் வெள்ளை ஒளியில் ஒரு 6500 கெல்வின் டியூப்லைட். திரைச்சீலை ஜன்னல் சட்டத்தின் மேலேயே தொடங்கி, ஜன்னல் திண்டுக்கு நாலு அங்குலம் கீழே நின்றுவிட்டது. சுவர் வெள்ளை.

அந்த அம்மா கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். ஒரு ஃபேஷன் நிறுவனத்தின் வீட்டு அலங்காரத் தொகுப்பு. கறுப்பு அரக்குப் பூச்சு, தங்க விளிம்பு, கண்ணாடி மேஜை. "இதே மாதிரி வேணும்."

உடை தைப்பவர்கள் வீட்டுக்குள் வருவது புதிதல்ல. பாரிஸில் போல் புவாரே 1911இலேயே தன் மகள் மார்த்தீனின் பெயரில் ஒரு பட்டறை தொடங்கி, துணியும் கம்பளமும் சுவர்க்காகிதமும் விற்றார். ரால்ஃப் லாரன் 1983இல் வந்தார், அர்மானி 2000இல். ஆக, உடையின் ரசனையை அறைக்குக் கொண்டுவருவதில் எனக்கு மறுப்பே இல்லை. பாதி வேலையை அப்படித்தான் செய்கிறேன். எந்த உடையிலிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சண்டை வரும்.

அந்தப் படத்துக்கு மூதாதை யார் என்று பார்த்தால், பாரிஸ் கம்போன் தெரு 31ஆம் எண்ணில் கொக்கோ ஷனெல் வைத்திருந்த மாடிவீடு என்பேன். கறுப்பு அரக்குத் திரைத் தட்டிகள், தங்க நிறம், கண்ணாடி. அந்தத் தட்டிகளுக்கு 'கொரமாண்டல்' என்று பெயர். செய்தது சீனாவில், நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் கரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது இருக்கட்டும். அந்த மாடிவீட்டில் படுக்கையறை கிடையாது. ஷனெல் அங்கே விருந்தாளிகளைப் பார்ப்பார், வேலை பார்ப்பார். தூங்குவதற்கு எதிரே இருந்த ரிட்ஸ் ஹோட்டலுக்குப் போய்விடுவார்.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நமக்கு எதிர்ல ஹோட்டல் இல்லையே." அம்மா சிரிக்கவில்லை.

துணி அலமாரி சொன்னதும் துவைக்கும் கூடை சொன்னதும்

புதுசாக எந்த அறையை எடுத்தாலும் அலமாரியைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். எண்ணினேன். அம்மாவின் உடைகள் 42. அதில் கறுப்பும் தங்கமும் கலந்தவை ஆறு. அவை எல்லாம் முன்வரிசையில், உறை போட்டுத் தொங்கின. ஒன்றில் கடைச் சீட்டுகூடப் பிரிக்கப்படவில்லை.

சரி, ஒரு காரியம் செய்வோம் என்றேன். இரண்டு வாரம் நீங்கள் உடுத்தியதைத் துவைக்கப் போடும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

தாள் வந்தது. 42இல் உடுத்தியது 11. ஏழு, துவைத்துத் துவைத்து வெளுத்த அவுரி நீலப் பருத்திச் சட்டைகள். மூன்று ஆஃப் ஒயிட். ஒன்று சாம்பல் நிறக் கோட். கறுப்பும் தங்கமும் பூஜ்யம். அப்புறம், தாளில் இல்லாத ஒன்றை நானே பார்த்தேன். நான் போன நாளெல்லாம் அவர் கழுத்தில் ஒரு கடுகு நிறச் சால்வை இருந்தது. துவைக்கப் போட்டால்தானே தாளில் வரும்? கழற்றுவதே இல்லை.

கணவரின் சட்டைகளில் எனக்குப் பிடித்தது ஒரு காலர். மடிப்பு நைந்துபோனதும் டெய்லர் அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்திருந்தார். நைந்த பக்கம் இப்போது கழுத்துப் பட்டைக்கு அடியில். தையல் ஓட்டை வரிசை மட்டும் பழைய இடத்தில் மெலிதாகத் தெரிந்தது. இந்த வீட்டுக்காரர்களுக்குப் பிடித்தது புதுசு இல்லை, பழகியது என்று அந்தக் காலர் சொன்னது. அறைக்கும் புது உடை தைக்க வேண்டாம், ஆல்டர் செய்தால் போதும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

என் தப்பு

அங்கிருந்து நான் போன பாதை தப்பு. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தினமும் போடுகிற சால்வை, முகத்துக்குப் பொருந்துகிற நிறம், எல்லோருக்கும் பிடித்தது. அதையே சுவருக்கு எடுத்துவிட்டால் என்ன? அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. கறுப்பு-தங்கத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஒன்று கிடைத்த திருப்தி. நிற அட்டையில் சால்வைக்கு மிக நெருங்கிய கடுகு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தோம். பெயிண்டர் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட் போட்டார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். சுவர் மட்டுமா மஞ்சள்? கூரை மஞ்சள், தரை மஞ்சள், சுவரோரம் நின்ற பெயிண்டரின் வெள்ளைப் பனியன் மஞ்சள். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் அடித்து அடித்து, அட்டையில் அடக்கமாக இருந்ததைக் கொதிக்க வைத்துவிட்டன. ஜன்னல் பக்கம் இன்னும் மோசம். நேர் வெயில் படாத ஒளியில் நீலம் அதிகம். அந்த ஒளியில் அழுத்தமான மஞ்சள் பச்சை தட்டும்.

வீட்டுக்காரரின் அம்மா, அந்தப் பாட்டி, வாசலிலேயே நின்றார். "ஏம்மா, எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கே?"

கணக்கு போட்டுப் பார்த்தேன். கதவு, ஜன்னல் போக நான்கு சுவரும் சேர்ந்து சுமார் 480 சதுர அடி. கழுத்தில் சுற்றிய சால்வை கண்ணுக்குத் தெரிவது இரண்டு சதுர அடி இருக்குமா? 240 மடங்கு பெருக்கியிருக்கிறேன். அந்தச் சால்வை அழகாக இருந்ததற்குக் காரணம் கடுகு நிறம் மட்டுமில்லை. அதன் கீழே இருந்த வெளுத்த நீலச் சட்டையும், அதற்கு மேல் இருந்த சாம்பல் கோட்டும். நான் முந்தானையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் 60-30-10 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. பெரும்பரப்புக்கு ஒரு நிறம், துணைக்கு ஒன்று, எடுப்புக்கு ஒன்று. கோட், சட்டை, டை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. எனக்குத் தெரியாததா? தெரியும். வாடிக்கையாளர் முகம் மலர்ந்ததைப் பார்த்து மறந்துபோனேன். இரண்டாவது கோட் அடிப்பதை நிறுத்தி, மறுபடி பிரைமர் அடிக்கச் சொன்னேன். அந்தச் செலவு என்னுடையது.

பெயிண்டர் மேல் விழுந்த பழி

இந்த முறை அம்மா போடுகிற சாம்பல் கோட்டிலிருந்து தொடங்கினோம். மிக வெளிர்ந்த சாம்பல். நேராகச் சுவரில் அடிக்காமல், இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு என்று சுவர் சுவராக நகர்த்திப் பார்த்தோம். ஜன்னல் ஓரத்தில் நன்றாக இருந்தது. எதிர்ச்சுவரில் நன்றாக இருந்தது. சோபாவுக்குப் பின்னால் வைத்ததும் பச்சை தட்டியது.

"கலவை தப்பு மேடம், பச்சை கலந்துட்டாங்க" என்றார் அம்மா. பெயிண்டர் டப்பாவைத் திறந்து காட்டினார், பாவம். அதே டப்பா, அதே பலகை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் மிஷேல் யூஜீன் செவ்ரல். 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்கு இயக்குநராகப் போன வேதியியலாளர். அங்கே அவரிடம் வந்த புகார்களில் ஒன்று: கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் கோளாறு இல்லை. நெசவில் அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் ஓடின. பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு நேர் எதிரான நிறத்தின் பக்கம் தள்ளும் என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839இல் வெளியிட்டார்.

எங்கள் சோபா செம்பழுப்பு. அதன் எதிர்நிறம் நீலம் கலந்த பச்சை. சாம்பல் மாதிரி தனக்கென்று வலுவான நிறம் இல்லாத ஒன்று பக்கத்தில் நின்றால், அந்தப் பக்கமாகத்தான் சாயும். பெயிண்டரின் அவுரி நிறப் போர்வை ஒன்று சாமான்களை மூடக் கிடந்தது. அதை எடுத்துச் சோபா மேல் போட்டேன். பலகையிலிருந்த பச்சை போய்விட்டது. சாம்பலில் லேசாக ஒரு வெதுவெதுப்புகூட வந்தது. நீலத்தின் எதிர்நிறம் மஞ்சள்-ஆரஞ்சுப் பக்கம்தானே. பாட்டி போர்வையை எடுத்தார், போட்டார், எடுத்தார், போட்டார். நாலு தடவை. "கண்கட்டு வித்தையா இருக்கே" என்றார்.

பெயிண்டருக்கு அன்று நிம்மதி. எனக்குத் திட்டம் கிடைத்தது. மாற்ற வேண்டியது சோபா.

டெய்லர் மாஸ்டர் வேலை

சோபாவின் மரச்சட்டம் உறுதி, பஞ்சும் நன்றாக இருந்தது. புதுசு வாங்கத் தேவையில்லை, உறை மாற்றினால் போதும். அம்மா ஆசைப்பட்டது லினன். தன் சட்டைத் துணி மாதிரியே மெல்லிசாக, கசங்கலோடு வேண்டும் என்றார். சட்டை லினன் சதுர மீட்டருக்கு 150 கிராம் சுற்றி இருக்கும். உட்காரும் இடத்துக்கு அது ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, நான் ஊரில் இல்லாத வாரத்தில் இரண்டு குஷனுக்கு அவரே தைத்துப் போட்டுவிட்டார். மூன்றே வாரம். துணி கிழியவில்லை, தையல் நூலும் அறவில்லை. தையலை ஒட்டி இழைகள் விலகி, பல் இடுக்கு மாதிரி ஓர் இடைவெளி. உடம்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும்போது, தளர்வாக நெய்த துணியில் இழைகள் நகர்ந்துவிடும். சட்டையில் அந்த இழுப்பு இல்லாததால் அங்கே பிழைக்கிறது.

சோபாத் துணிக்கு மார்ட்டின்டேல் என்று ஒரு தேய்ப்புச் சோதனை உண்டு. கம்பளித் துணியால் குறிப்பிட்ட அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டே போய், எத்தனையாவது தேய்ப்பில் இழை அறுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு 15,000க்குக் குறைந்து நான் எடுப்பதில்லை. தினம் உட்காருகிற சோபா என்றால் 25,000. கடைக்காரர் சொல்லாவிட்டால் கேட்க வேண்டும்; துணிச் சுருளின் சீட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். நாங்கள் எடுத்தது 350 கிராம் பருத்தி, நெருக்கமான நெசவு, அவுரி நீலம். தொட்டால் லினன் இல்லை. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அவருடைய வெளுத்த சட்டைதான்.

கடுகு நிறம் இங்கேதான் திரும்பி வந்தது. உறையின் ஓரங்களில் பைப்பிங்காக, அதாவது உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் விளிம்பாக. கயிற்றின் தடிமன் நாலு மில்லிமீட்டர். முதல் குஷனுக்கு மாஸ்டரின் உதவியாளர் துணியை நேராக வெட்டிவிட்டார். மூலைகளில் சுருங்கி, நாய்க்காது மாதிரி மடங்கியது. மாஸ்டர் வந்து பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, துணியை மேஜையில் விரித்து, 45 பாகை சாய்வில் சாக்கட்டி கோடு போட்டு, கிராஸ் பீஸாக வெட்டிக் கொடுத்தார். நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் எதுவும் நேராக இழுபடாததால் சாய்வில் வெட்டிய துணி நெளிந்து கொடுக்கும். 1920களில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் மதலீன் வியோனே இந்தச் சாய்வு வெட்டை முழு கவுனுக்கே பயன்படுத்தி, பொத்தானும் உடையை விறைப்பாக்கும் உள்பட்டையும் இல்லாமல் உடம்போடு ஒட்டி விழும் உடைகளைச் செய்தார். எங்கள் சோபா மூலையில் அதே இயற்பியல், நாலு மில்லிமீட்டர் அளவில்.

குஷன் உறைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே துணி, ஜிப் பின் ஓரத்தில். திருப்பிப் போடலாம். அந்தக் காலரை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

கணுக்காலுக்கு மேலே நின்ற திரை

பழைய திரைச்சீலை, வளர்ந்த பையன் போன வருஷத்துக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இடுப்பை உயர்த்தித் தைத்த காற்சட்டை காலை நீட்டிக் காட்டும் இல்லையா? திரைக்கும் அதேதான். ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடியில் இருந்தது. கம்பியை எட்டரை அடிக்கு ஏற்றினோம். இரண்டு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் சட்டத்துக்கு வெளியே நீட்டினோம். திரையை விலக்கும்போது துணி சுவர் மேல் போய்க் குவியும், கண்ணாடி முழுக்க வெளிச்சத்துக்கு விட்டுவிடும். 5 அடி ஜன்னல் பார்ப்பதற்கு ஆறரை அடிக்கும் மேல்.

கணக்கு: கம்பி 80 அங்குலம். மடிப்பு விழ இரண்டு மடங்கு துணி, 160. துணியின் அகலம் 54, ஆக மூன்று அகலம். ஒவ்வொன்றும் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க 101½, மேல் மடிப்புக்கு 4, கீழே இரட்டை மடிப்புக்கு 6, மொத்தம் சுமார் 112 அங்குலம். எல்லாம் சேர்ந்து எட்டரை மீட்டர். நாங்கள் வாங்கியது ஒன்பது. அரை மீட்டர் எதற்கு என்று அம்மா கேட்டார். தைப்பதற்கு முன்பு துணியில் 40 அங்குலத்துக்கு இரண்டு தையல் குறி போட்டு, துவைத்து, காயவைத்து அளந்தோம். 38½. அந்த அரை மீட்டரில் பெரும்பகுதி அங்கே போயிற்று. இதைச் செய்யாமல் தைத்திருந்தால், முதல் சலவையில் திரை மறுபடி கணுக்காலுக்கு ஏறியிருக்கும்.

கீழ் இரட்டை மடிப்புக்குள் சங்கிலிக் கனம் வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பருத்தி தானாகவே நன்றாக விழுந்தது.

விளக்கைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் கலந்த 3000 கெல்வின் ஒளியில் இரண்டு நிலை விளக்குகளும் ஒரு சுவர் விளக்கும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான குறியீடு (CRI) 90க்கு மேல் என்று பார்த்து வாங்கினோம். அதற்குக் குறைந்தால் இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்த நீலம் இரவில் கரியாகத் தெரியலாம். விரிப்பு மட்டும் தோல்வி. சோபாவின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்க வேண்டும் என்று எட்டுக்கு ஐந்து அடி கேட்டேன். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று பாட்டி விடவில்லை. கைக்குட்டை அப்படியே கிடக்கிறது.

கறுப்பு-தங்கமும் முழுதாகப் போகவில்லை. வாசலை ஒட்டிய சின்னத் தடுப்பறையில், செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு கறுப்பு அரக்குத் தட்டியும் தங்க விளிம்புக் கண்ணாடியும் மாட்டினோம். வெளியே கிளம்புகிற இடம், வேஷம் பார்த்துக்கொள்கிற இடம். அங்கே அது சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது அந்த மூலைதான் ரொம்பப் பிடித்தது என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

எட்டு மாதம் கழித்து

வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். சாயங்காலம் ஆறரை மணி. கூடத்தில் மூன்று பேர். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருக்கவில்லை, அவரவர் கைப்பேசி, பாட்டிக்கு ஒரு பத்திரிகை. ஆனால் ஒரே அறை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து திரும்பி நின்று, தன் ஆஃப் ஒயிட் காற்சட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். லேசாக நீலம். அவுரி நிறம் உரசலில் ஒட்டும். துணி வாங்கும்போது வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன், ஒட்டவில்லை. ஆனால் உலர்ந்த துணியால் தேய்த்தேன். நனைத்துத் தேய்த்திருக்க வேண்டும். வியர்வையோடு வந்து உட்காருகிறவருக்கு ஈரச் சோதனைதான் கணக்கு. உறைகளைக் கழற்றி, குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளிகிற வரை தனியாக அலசச் சொன்னேன். அப்புறமும் ஒட்டினால் என்ன செய்வதென்று சொல்கிறேன் என்றேன்.

சோபாவின் இடது கைப்பிடியிலும் நீலம் வெளுத்திருந்தது, அவர் முழங்கை ஊன்றுகிற இடத்தில். எனக்கு அது தெரிந்திருக்காது; பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. அந்த இடத்தை மூடிக்கொண்டு அம்மாவின் கடுகு நிறச் சால்வை நாலாக மடித்துக் கிடந்தது.

"கழுத்துல குத்துதாம், வயசாயிடுச்சு சால்வைக்கு" என்றார் பாட்டி. "அதான் நான் எடுத்து இங்க போட்டுட்டேன். நல்லாத்தானே இருக்கு?"